பதினெட்டு நிறைந்த பின்

மாணவர் தொண்டுச் சங்கத்தார் சென்ற ஆடித் திங்களில் எம்மை அழைத்து, நகரின் மேற்கே ஒரு தெருவில் இளைஞர் அறுவர் கூடி வாழும் வீடொன்று உண்டென்றும், சனிக்கிழமைதோறும் மாலையில் அங்குச் சென்று அவர்கட்குப் பிழையின்றி எழுதவும் விண்ணப்பங்கள் வரையவும் கற்பித்தல் வேண்டுமென்றும் கூறினர். சிறப்புத் தமிழ் பயிலும் செருக்கு அக்காலத்தில் எமக்குச் சிறிது மிகுதியாகவே இருந்தது. நன்னூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். அதனை அங்கு ஒருநாளேனும் திறந்தோமில்லை என்பதை ஈண்டே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அவ்வீடு ஒரு பிற்காப்பு இல்லம். குழந்தைகள் இல்லங்களில் வளர்வோர் 18 வயது நிறைந்ததும் அவற்றை விட்டு வெளியேறல் வேண்டும். எம்போன்றோர்க்கு அப்பிறந்தநாள் புத்தாடையும் ஆலயத்தில் நன்றிக் காணிக்கையுமாய்க் கழிகின்றது. அவர்கட்கோ அது தகரப்பெட்டியுடன் வாயிலைக் கடக்கும் நாள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்நாளை எண்ணிப் பார்த்தே பிற்காப்பு என்பதொன்றை வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், அறுவர் முதல் எண்மர் வரை ஒருங்கு வாழும் தற்காலிகக் குடியிருப்பையும், தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையையும், விடாது கண்டு பேசும் ஆலோசகர் ஒருவரையும் கூறுகின்றன. இவ்வாதரவு 21 வயதளவும் நீளும். தனிப்பட்ட சில நிலைகளில் மேலும் ஈராண்டு. மிஷன் வாத்சல்யா என்னும் நடுவணரசுத் திட்டம் இத்தகையோர்க்குத் திங்களுக்கு 4,000 ரூபாய் குறித்துள்ளது. ஆயினும் சட்டத்தின் 46ஆம் பிரிவைப் படித்தபோது, பணவுதவி 'வழங்கப்படும்' என்று அங்கு இல்லை, 'வழங்கப்படலாம்' என்றே இருத்தலைக் கண்டோம். இலக்கண மாணாக்கர்க்கு இத்தகைய விகுதிகளில் கண் செல்லுதல் இயல்பு. அவ்விகுதிக்கும் ஓர் இளைஞன் இரவில் படுக்கும் இடத்திற்கும் தொடர்புண்டென்பதை யாம் முன்னர் அறிந்திலோம்.

பிறநாட்டாரும் இவ்வழியில் முயன்றுள்ளனர். இரண்டாம் உலகப் போரின்பின் பிரான்சு நாட்டில், ஊர்விட்டு நகரத்திற்குத் தொழில் தேடிவந்த இளைஞர்க்கென 'ஃபோயே' எனப்படும் இல்லங்கள் பெருகின. அச்சொற்குக் கணப்படுப்பு என்பது பொருள். 1992 முதல் பிரிட்டனிலும் அம்முறை கைக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னரே, 1969இல், இலண்டனின் சோகோப் பகுதியில் கென்னத் லீச் என்னும் குருவானவர் வீடற்ற இளைஞர்க்கு இரவுத் தங்கிடமொன்றைத் திறந்துவைத்தார். 'சென்டர்பாயிண்ட்' என்பது அதன் பெயர். இவையெல்லாம் யாம் பின்னர்ப் படித்தறிந்தவை. அவ்வீட்டில் கண்டது வேறு.

அங்கிருந்தோருள் மூத்தவர் ஒரு லேத்துப் பட்டறையில் பணிபுரிபவர். எம்மினும் ஓராண்டே மூத்தவராயினும் முதல் நாள் எம்மைச் 'சார்' என்றழைத்தார். மூன்றாம் கிழமையில் அது 'தம்பி' ஆயிற்று. யாமும் அவரை அண்ணன் என்றே அழைக்கலானோம். அவர் தாம் வந்த புதிதில் பட்ட பாட்டை நகைத்துக்கொண்டே கூறுவார். குழந்தைகள் இல்லத்தில் அரிசி மூட்டையாக வரும். சோறு தட்டில் வரும். இடையில் நிகழ்வது இன்னதென அவர் அறியார். அறுவர்க்கு எத்துணை அரிசி என்பது தெரியாமல் முதல் நாள் உலையிட்டது மறுநாள் இரவளவும் தீரவில்லையாம். கடைக்குச் சென்று 'நூறு கிராம் பருப்பு' என்று கேட்பதற்கு அவர் நாவெழவில்லை. மணியடித்து எழுப்புவார் இன்மையால் முதற்கிழமையே இருமுறை பட்டறைக்குப் பிந்திச் சென்று திட்டு வாங்கினார். எல்லாவற்றினும் கடினமானது எதுவெனக் கேட்டோம். "சாவி, தம்பி. கதவை உள்ளிருந்து நானே பூட்ட வேண்டும் என்பது. அதுவரை பிறர்தாமே பூட்டினார்கள்" என்றார்.

அவ்வீட்டை நடத்தும் அம்மையாரை யாவரும் அக்கா என்பர். அவர் கையாளும் முறை எமக்குப் பெரிதும் பிடித்தது. முதல் திங்களில் கடைக்கு உடன் செல்வார்; இரண்டாந் திங்களில் எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பார்; மூன்றாந் திங்களில் வீட்டிலேயே இருந்துகொண்டு கணக்கு மட்டும் கேட்பார். ஒவ்வொருவர் கூலியினின்றும் ஒரு பகுதி வங்கியில் சேர்கின்றது. பின்னர்த் தனி அறை பார்க்குங்கால் முன்பணத்திற்கு அது வேண்டுமன்றோ?

அவ்வறையைத் தேடும் காலம் அண்ணனுக்குக் கார்த்திகையில் வந்தது. மாசியில் அவர்க்கு 21 நிறையும். அவருடைய இடத்திற்கு வேறொருவர் காத்திருந்தார். யாமும் உடன் சென்றோம். உடன்படிக்கை வேறாக இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேற்பட முன்பணம் வாங்கலாகாதென்று 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கூறுகின்றது; யாம் ஏறியிறங்கிய வீடுகளிலெல்லாம் அவ் 'வேறாக' என்பதே சட்டமாயிருந்தது. பணத்தையாவது எவ்வாறேனும் திரட்டலாம். "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?" என்னும் வினாக்கட்கு விடை எங்கே திரட்டுவது? ஆதார் அட்டையை நீட்டினால் முகவரியில் குழந்தைகள் இல்லத்தின் பெயர். அதனைக் கண்ட ஒரு வீட்டுக்காரர், அட்டையைத் துணியில் துடைத்தே திருப்பிக் கொடுத்தார்.

மார்கழியில் ஒருநாள் எம்மோடு எம் தெரு வழியே நடந்து வந்தவர், "தம்பி, உங்கள் வீட்டு மாடியில் வாடகைப் பலகை தொங்குகிறதே!" என்றார்.

அன்றிரவு உணவின்போது எந்தையாரிடம் பேச்செடுத்தோம். அவர் கடின சித்தமுடையவரல்லர், சபையில் மூப்பர், கிறிஸ்துமஸ்தோறும் குழந்தைகள் இல்லமொன்றிற்குப் பகலுணவு அளிப்பவர். "யார் பிள்ளை?" என்றார். பட்டறையில் வேலை செய்கிறார், நல்லவர், என்றோம். "அதைக் கேட்கவில்லை. யார் பிள்ளை?" என்றார் மீண்டும். ஐந்து திங்களாக அறிவோம் என்று சொல்லியிருக்கலாம். ஒருநாளும் கணக்குப் பிசகாதவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்வன்மைப் போட்டியில் இருமுறை பரிசு பெற்ற யாம் தயிர்ச்சோற்றை உண்டு எழுந்தோம். பன்னிரண்டாம் வயதில் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எமக்குச் சத்திரக்காரன் வேடம் கொடுத்தனர்; இடமில்லையென்பதை அத்துணைக் கண்டிப்பாகச் சொன்னமைக்குப் பலரும் பாராட்டினர். அஃது அன்றிரவு நினைவிற்கு வந்து உறங்கவொட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம், மாடியை உறவினர் ஒருவர்க்கு முன்பே பேசிவிட்டார்களாம் என்றோம். "பரவாயில்லை, தம்பி" என்று கூறி, அன்று எழுதவேண்டிய விண்ணப்பத்தை எடுத்து வைத்தார்.

அறை இறுதியில் ஓர் இட்லிக் கடைக்குப் பின்புறம் கிடைத்தது. கடையை நடத்தும் மூதாட்டி வாடகை 2,500 என்றும் முன்பணம் மூன்று மாதம் என்றும் தாமே சொன்னார். அவர் கேட்டது ஒன்றே: இரவு எத்தனை மணிக்கு வருவாய் என்பது. ஊரும் பேரும் கேட்கவில்லையே என்று யாம் வியந்தபோது, "ஓராண்டாக என் கடையில் சாப்பிடுகிறான், ஒருநாள் கடன் சொன்னதில்லை. இதற்கு மேல் என்ன கேட்பது?" என்றார்.

தை இறுதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தோம். குறுக்குவழி எம் தெரு வழியே சென்றது. பலகை அன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் பொறாது, உறவினர் எவரும் இல்லை என்றும் யாம் கூறியது பொய் என்றும் சொல்லிவிட்டோம். "நான்தான் தினமும் இவ்வழியே பட்டறைக்குப் போகிறேனே, தம்பி" என்றார். பெட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

வாடகை உடன்படிக்கையை எழுதும் பணி எமதாயிற்று. தகப்பனார் பெயர் எழுதுமிடத்தில் என்ன எழுதுவதெனத் தயங்கியபோது, கோடிட்டுவிடுமாறு அண்ணன் கூறினார். மூதாட்டி எழுத்தறியார், ஆதலின் அதனை உரக்கப் படிக்கச் சொன்னார். அக்கோட்டினருகே வந்ததும் எமக்கு நாத் தடுமாறிற்று. "மேலே படி, ராசா" என்றார் அவர்.

எம் வீட்டு மாடியறை பங்குனியில் வங்கி ஊழியர் ஒருவர்க்கு விடப்பட்டது. இவற்றுள் எதனையும் எந்தையாரிடம் யாம் இன்னும் கூறவில்லை. அவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். இம்மலர் ஆண்டுதோறும் அவர் பெயர்க்கு அஞ்சலில் வருகின்றது.