ஹவாசு ஓடை: வறண்ட மேட்டிலிருந்து கொலராடோ வரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஹவாசு ஓடை தொடங்குவதாக நிலப்படம் காட்டும். நேரில் பார்த்தால் அங்கே பெரும்பாலான நாட்களில் கல்லும் மணலும்தான் கிடக்கும். மேற்பகுதியில் கேட்டராக்ட் ஓடை என்றழைக்கப்படும் இந்த வறண்ட தடம், கொகொனினோ மேட்டுநிலத்தைக் கடந்து வடமேற்காகச் செல்கிறது. மேட்டில் விழும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் நிலத்தடி நீராகச் சேர்கின்றன. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே பின்யன் பிளெயின் யுரேனியச் சுரங்கத்தை ஹவாசுபாய் பழங்குடியினர் எதிர்ப்பது இந்த நீர் மாசுபடும் என்ற அச்சத்தால்தான்.

அம்மக்கள் வாழும் சுபாய் கிராமத்துக்கு மேலே, பள்ளத்தாக்கின் அடியில் அந்த நீர் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை. அதுவரை முள்ளும் புழுதியுமாக இருந்த நிலத்தில் வில்லோ மரங்களும் காட்டன்வுட் மரங்களும் அடர்கின்றன.

சுபாய்க்குச் சாலை இல்லை. பழைய 66ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தார்ச்சாலை சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, ஹுவாலபாய் ஹில்டாப் என்ற மேட்டு விளிம்பில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 13 கிலோமீட்டர் நடை. தொடக்கத்தில் செங்குத்தாக வளைந்து இறங்கும் பாதை, பிறகு நீரற்ற பக்கப் பள்ளத்தாக்கின் சரளைத் தரையில் நீள்கிறது. வழியில் குடிநீர் கிடைக்காது. கோடையில் விடிவதற்கு முன்பே புறப்படுவதுதான் விவேகம். கிராமத்துக்கான தபால் இன்றும் கோவேறு கழுதைகளின் முதுகில் வருகிறது.

ஹவாசுபாய் மக்கள் கோடையில் இங்கே சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டு, குளிர்காலத்தில் மேட்டுநிலத்துக்கு ஏறி வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1882இல் அரசு அவர்களுக்கு ஒதுக்கியது 518 ஏக்கர். மேட்டுநிலமும் போயிற்று, ஓடையின் அருவிகளும் போயின. பள்ளத்தாக்கின் அடியிலேயே ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1975இல் வந்த சட்டம் சுமார் 1,85,000 ஏக்கரைத் திருப்பித் தந்தது. இன்று அருவிகளைக் காண வருபவர்களுக்கு அனுமதிச்சீட்டு வழங்குவதும் கட்டணம் பெறுவதும் அம்மக்களே. ஒரே நாளில் வந்து திரும்ப அனுமதி இல்லை. இரவு தங்க முன்பதிவு வேண்டும். கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. ஊரில் இருப்பவர்களோ இருநூறு பேர் அளவுதான். அந்தக் கட்டுப்பாடு அவர்களுக்குத் தேவையானதே.

கிராமத்துக்குக் கீழே அருவிகள் தொடங்குகின்றன. நீரில் கரைந்துள்ள கால்சியம் கார்பனேட்தான் இங்கே சிற்பி. தண்ணீர் விழுந்து சிதறும்போது கரியமில வாயு வெளியேறுகிறது; உடனே சுண்ணாம்பு பிரிந்து கிளையிலும் கல்லிலும் டிராவர்டைன் என்ற பாறையாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவமும் இதே சரக்குதான். அந்தப் படிவுகளே தடுப்புச் சுவர்களாக வளர்ந்து குளங்களைத் தேக்குகின்றன. நீரின் நீலப்பச்சை நிறத்துக்கும் இந்தச் சுண்ணாம்பே காரணம்.

சுண்ணாம்பு கட்டியதை வெள்ளம் உடைக்கும். 1910இல் கிராமமே அடித்துச் செல்லப்பட்டது. 2008 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஓடை தடம் மாறியதால் பழைய நவஹோ அருவி வறண்டது; அருகிலேயே புதிய அருவிகள் பிறந்தன. பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பிப் போகிறவர்கள் அதைத் தேடி ஏமாறுவார்கள்.

30 மீட்டர் உயர ஹவாசு அருவியைத் தாண்டியதும் முகாம் இடம். அதன் முடிவில் மூனி அருவி, சுமார் 60 மீட்டர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே தவறி விழுந்து இறந்த சுரங்கத் தேடுநர் ஒருவரின் பெயர் அது. அதன் அடிக்குப் போக, டிராவர்டைன் பாறையில் குடைந்த சுரங்க வழிகளில் நுழைந்து, சாரல் நனைத்த சங்கிலிகளையும் ஏணிகளையும் பற்றி இறங்க வேண்டும். கைப்பிடி தளர்ந்தவர்களுக்கு ஏற்ற வழியல்ல.

அதற்கப்பால் கூட்டம் குறைகிறது. ஓடையைப் பலமுறை காலால் கடந்து சுமார் 5 கிலோமீட்டர் நடந்தால் படிக்கட்டுக் குளங்களாக இறங்கும் பீவர் அருவி. அப்பகுதியில் பழங்குடி நிலம் முடிந்து, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. பூங்கா நிர்வாகம் அழிவின் விளிம்பிலிருந்த ஹம்ப்பேக் சப் என்ற கொலராடோ ஆற்று மீனை 2011 முதல் கீழ் ஓடையில் கொண்டுவந்து விட்டது. அவை அங்கே இனப்பெருக்கமும் செய்தன. மேலும் சில கிலோமீட்டருக்குப் பின் ஓடை குறுகிய பாறை வாயில் வழியாகக் கொலராடோ ஆற்றில் கலக்கிறது. படகுப் பயணிகள் எதிர்த்திசையில், அந்த வாயிலிலிருந்து மேல்நோக்கி நடந்து வருவார்கள்.