கட்டத்தில் ஒரு கோடு

3 மார்ச், திங்கள். வெள்ளவத்தை

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனாலும் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பகுதிகளில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பூட்டன்மாரில் கரிவேலைக்காரர் உண்டு. வங்காளத்திலும் வேல்ஸிலும் வெட்டிய கரி கொழும்பில் குவிக்கப்பட்டது. அதை இங்கே வெட்டவில்லை, சுமந்தார்கள். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். பத்தாண்டுகளில் சுவர் எழுந்தது. அதுவரை காலியில் கரி ஏற்றிய பீ அண்ட் ஓ கம்பனியின் கப்பல்கள் 1882இல் கொழும்புக்கு மாறின. கிழக்கே போகும் கப்பலுக்கும் மேற்கே திரும்பும் கப்பலுக்கும் இங்கேதான் தீனி. அந்தத் தீனியைத் தோளில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். அதே காலத்தில் வேறு தமிழர் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், நியூகாசில், டண்டீ சுரங்கங்களில் கரியை வெட்டினார்கள். நேட்டால்காரரின் பேரப்பிள்ளை தேடினால் பூட்டனின் பெயர், ஊர், சாதி, உயரம்கூடக் கிடைக்கும். கொழும்புக்காரரின் பேரப்பிள்ளைக்குப் பெயர்கூடக் கிடைப்பதில்லை. ஏன்? ‘நம் ஆட்களுக்கு எழுதி வைக்கும் பழக்கம் இல்லை, இருந்ததையும் கறையான் தின்றது’ என்பது நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். அது போதாது என்று நினைக்கிறேன். ஓர் ஆளைப் பற்றிய தாள், அந்த ஆளுக்காக எழுதப்படுவதில்லை. அவரிடம் எதையோ எதிர்பார்த்தவருக்காக எழுதப்படுகிறது. எதிர்பார்ப்பு மாறினால் தாளும் மாறும். வரும் சில நாட்களில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

5 மார்ச், புதன்

முதலில் நேட்டால். 1860 நவம்பர் 16ஆம் திகதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் அப்படி இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். பட்டியலில் அந்த இலக்கத்துக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், கடைசியில் உடலில் உள்ள அடையாளம். நெற்றித் தழும்பு, கையில் பச்சை, காலில் பழைய காயம் என்று பெற்ற தாய்க்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் அரசாங்கத்தின் கையெழுத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும் பேரப்பிள்ளை நெகிழ்ந்து போவது நியாயம். ஆனால் எழுதிய குமாஸ்தா நெகிழ்ச்சியால் எழுதவில்லை. ஐந்தாண்டு கட்டுப்பட்ட ஆள் ஓடிவிட்டால் பிடித்து இன்னார் என்று நிரூபிக்கத் தழும்பு தேவைப்பட்டது. 1913 ஒக்டோபரில் சத்தியாக்கிரகி தம்பி நாயுடுவோடு போன தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். அரசு என்ன செய்தது? சுரங்கக் குடியிருப்புகளையே சிறைச்சாலையின் கிளைகளாக அறிவித்தது. குடியிருப்பு ஒரே அறிவிப்பில் சிறையாகும் அளவுக்கு முன்பே இறுகியிருந்த பிடி அது. அந்தப் பிடியின் இன்னொரு வடிவம்தான் பட்டியல். ஆகவே அங்கே தாள் நிறைந்திருப்பதை அக்கறையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

8 மார்ச், சனி. கொட்டாஞ்சேனை

இனிக் கொழும்பு. இங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. ஆள்சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்தார், ஆள் வந்தார், கடனை உழைத்துக் கழித்தார். கப்பற் கம்பனிக்கு இந்த ஆள் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே எழவில்லை. அதற்குத் தெரிய வேண்டியவை இரண்டு: எத்தனை தொன் ஏறியது, எத்தனை மணி நேரம் ஆனது. துறையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் கப்பலுக்கு நட்டம். கரி ஏற்றும் நாளில் கப்பலின் சன்னல்களை இறுக மூடி, பயணிகளைக் கரையில் இறங்கச் சொல்லிவிடுவார்கள். பாரப்படகு பக்கத்தில் வந்து அணையும். படகுக்கும் கப்பலுக்கும் இடையே பலகை. அதில் சாக்குமூட்டையோடு ஏறுபவரும் வெறுங்கையோடு இறங்குபவரும் ஒருவரையொருவர் உரசாமல் ஓட வேண்டும். தூசியில் எல்லா முகமும் ஒரே முகம். கணக்குப் புத்தகத்திலும் அப்படியே ஆனது: கூட்டம் ஒன்று, தொன் இவ்வளவு, கூலி கங்காணியிடம். தனித்தனிப் பெயர்கள் கங்காணியின் தலைக்குள்ளோ அவருடைய குறிப்புப் புத்தகத்திலோ இருந்தன, அவரோடு போயின. 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் நடத்திய துறைமுக வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதும் இதே அனுபவம்தான். தலைவர்கள் பெயரோடு வருகிறார்கள். அந்தச் சங்கத்தில் அப்போது உடனிருந்த கோ. நடேசய்யரும் பெயரோடு வருகிறார். பலகையில் ஓடியவர்கள் ‘தொழிலாளர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 1958இல் அரசு துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்தை அமைக்கும்வரை சரக்கு வேலை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. அதற்குள் கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியிருந்தன. கரிக்காரரின் தலைமுறையும் முடியும் தறுவாயில் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மலையகத்துக்குப் போனவர்களும் கங்காணி வழியாகத்தானே போனார்கள், அவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு இருக்கிறதே என்று. உண்மை. ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. தோட்டத் தொழிலாளி லயத்தில் இருந்தார், தோட்டத்து அரிசியை வாங்கினார், ‘துண்டு’ என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாதிருந்தது. பிடி இருந்தது, எனவே பெயர் இருந்தது. நேட்டாலில் பிடி இன்னும் இறுக்கம், எனவே உடல் தழும்பும் ஏறியது. துறைமுகத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வந்தார், எனவே தொன் மட்டும் எஞ்சியது. கறையான் தின்றதும் பொய்யல்ல. கம்பனிகள் மூடியபோது தாள்கள் போயிருக்கும். ஆனால் கறையான் எழுதிய தாளைத்தான் தின்னும். எழுதத் தேவைப்படாத பெயரை அதன்மேல் பழி போட்டுத் தேடிப் பயனில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: பட்டியலில் ஏறாதவன் சுதந்திரமானவன், அதற்காக வருந்துவதா? ஒப்பந்தக் கூலிமுறையை நான் புகழவில்லை. ஆனால் கங்காணிக் கடனில் இருந்தவர், கைமாற்றக்கூடிய ஒரு சுமைதோளாகக் கருதப்பட்டவர், தாளில் இல்லாததால் சுதந்திரம் பெற்றுவிடவில்லை. அந்த இன்மைக்கு என்ன விலை என்பது அப்போது தெரியவில்லை. 1948இல் தெரிந்தது.

11 மார்ச், செவ்வாய்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது. இங்கே பிறந்தவராயினும் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதில் அடங்காதவர்களுக்காக 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் விடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்: மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவில்தான் ஏற்கப்பட்டார்கள். தோட்டத்துக்காரருக்குச் செக்ரோலாவது இருந்தது. துறைமுகத்துக்காரர் எதைக் காட்டுவார்? தொன் கணக்கையா? எழுதாமல் விட்டது ஒரு நிர்வாகம்; எழுத்து எங்கே என்று கேட்டது அதன் வாரிசு. தாள் இல்லாததால் ஆளும் இங்கே இருந்ததில்லை என்பது அதன் தர்க்கம்.

அந்தத் தர்க்கம் இன்னும் நம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாய் தந்தை விபரங்களுக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும் ஆண்டும் இடமும். அதற்கடுத்து அதேபோலப் பூட்டனுக்கு ஒரு கட்டம். சட்டம் கேட்ட அதே வரிசை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நாம் கவனிக்காத கட்டங்கள் அவை. வந்து குடியேறியவரின் வழிவந்தவர்களுக்கு அங்கே பதிவாளர் ஒரு கோடு கீறியிருப்பார்.

14 மார்ச், வெள்ளி. வெள்ளவத்தை

பெயரே கிடைக்காத தேடல் பொதுச் சரித்திரம்தான், குடும்ப வரலாறாகாது என்று ஒருவர் சொல்லலாம். பெயர் கிடைத்தாலும் அது மட்டும் போதாது. நேட்டால் பட்டியல்களில் எத்தனை முத்துச்சாமி, எத்தனை மாரியம்மாள்! தழும்பும் கிராமமும் சேர்ந்துதான் அவரை ஓர் ஆளாக்குகின்றன. கொழும்பில் அந்தத் துணைச் சான்றுகள் வேறு வடிவில் இருக்கின்றன. காலனிக் காலப் பிறப்புப் பதிவில் தந்தையின் தொழில் என்ன என்று கேட்டார்கள். அறிவித்தவர் யார், எங்கே வசிக்கிறார் என்றும் கேட்டார்கள். அறிவித்தவர் பெரும்பாலும் உறவு, அல்லது ஒரே ஊர்க்காரர். அவர் வழியாக ஊரைத் தொடலாம். கத்தோலிக்கரானால் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளில் ஞானத்தாய் தந்தையரும் சாட்சிகளும் இருப்பார்கள். 1949 விண்ணப்பத்தின் பிரதியோ, மறுத்து வந்த கடிதமோ பழைய பெட்டியில் இருந்தால் அதைவிட நல்ல ஆவணம் இல்லை. குடியுரிமையைத் தீர்மானிக்கக் கேட்ட கேள்விகளுக்குப் பூட்டன் சொன்ன பதில்கள் அதில் வரிசையாக இருக்கும்: எப்போது வந்தேன், எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன்.

தேடுபவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. தாள் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்ற 1949இன் தீர்ப்பைத் தன் குடும்பத்துக்குத் தானே மறுபடி எழுதிவிடக்கூடாது. பூட்டனுக்கான கட்டத்தில் உள்ள கோடு, ‘இங்கே பிறக்கவில்லை’ என்று சொல்கிறது. பிறக்காத ஊரில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை இந்த நகரத்துப் பதிவேட்டில் ஏற்றியவர் ஒருவர் இருந்தார் என்பதும் அதே கோட்டில்தான் இருக்கிறது. கொழும்பில் அவர் பெயரில் மிஞ்சிய முதல் எழுத்து ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.