தாத்தா பிறந்த தோட்டம்

மலாக்கா என்றதும் ஏ பாமோசா கோட்டையும் சிவப்புக் கட்டடங்களும் ஆற்றுப் படகுகளும்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். கடற்கரை நகரைவிட்டு உள்ளே சென்றால் இன்னொரு மலாக்காவைக் காணலாம். அலோர் காஜா, ஜாசின், அசகான், மெர்லிமாவ் வட்டாரங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக உழைத்த தோட்டங்களின் மலாக்கா அது.

பள்ளி விடுமுறையில் அந்த மலாக்காவைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டது. தாத்தாவுக்கு வயது 78. அசகானுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். “அவசரம் வேண்டாம்பா. பழைய சாலையிலேயே மெதுவாகப் போ,” என்று மகனிடம் கூறினார்.

ஜாசினில் கார் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கியது. இருபுறமும் கம்பத்து வீடுகளும் பழமரங்களும் நிழல் விரித்திருந்தன. ஜாசின் பட்டணத்தில் குலா மலாக்கா ஊற்றிய செண்டோலை அனைவரும் சுவைத்தனர். அசகானை நெருங்கியபோது 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை தெரிந்தது. “மலை தெரிந்தால் வீடு பக்கம்தான்,” என்றார் தாத்தா.

வழியில் அப்பா அந்த மண்ணின் வரலாற்றைச் சொன்னார். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் அத்தகைய முயற்சி அதுவே முதலாவது. பின்னர் அசகானிலும் அவர் பெருந்தோட்டம் அமைத்தார். ரப்பர்த் தொழில் நாடெங்கும் பரவியபோது, கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் இங்கு வந்து சேர்ந்தனர்.

தாத்தா காட்டிய செம்மண் பாதையில் கார் நின்றது. லயன் வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை மரங்கள் வரிசையாக நின்றன. ரப்பர் விலை சரிந்தபோது பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்குக் குறைந்த ஆள்களே போதும் என்பதால் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன.

“தாத்தா, வீடு எங்கே?” என்று பேத்தி கேட்டாள்.

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாமரத்தையும் சிறிய மாரியம்மன் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோயிலிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றார். “இதுதான் கண்ணு, நம் வாசல்,” என்றார்.

பாதையோரத்தில் தழும்பேறிய பழைய பால்மரம் ஒன்று மிஞ்சியிருந்தது. தாத்தா விரலால் அதன் பட்டையில் சாய்வாகக் கோடிட்டுக் காட்டினார். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும் என்று விளக்கினார். பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், தமிழ்ப்பள்ளி என ஒவ்வோர் இடமாகச் சுட்டிக் காட்டினார். பேத்தி தன் குறிப்பேட்டில் தோட்டத்தின் வரைபடத்தை வரையத் தொடங்கினாள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவள் கேட்கக் கேட்க, தாத்தாவின் குரலில் உற்சாகம் கூடியது. இரண்டு வீடுகளின் பெயர்கள் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அவ்விடங்களை அவள் வெறுமையாக விட்டாள்.

மாலையில் அவர்கள் மலாக்கா நகரை அடைந்தனர். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் வழிபட்டனர். அது மலாக்கா செட்டிகளின் ஆலயம். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களான அவர்கள், இன்று வீட்டில் பேசுவது மலாய்மொழி. எனினும் பொங்கலையும் முன்னோர் வழிபாட்டையும் கைவிடவில்லை. தோட்டத்துத் தமிழர்களோ மொழியைக் காத்தனர்; வாழ்ந்த இடத்தை இழந்தனர்.

2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மலாக்கா நகரை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. நகரின் பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இடிந்துபோன லயன்களுக்கு அங்கு வாழ்ந்தவர்களின் நினைவைத் தவிர வேறு காவல் இல்லை. அந்த நினைவைக் கேட்டு எழுதி வைப்பது இளையோரின் கடமை. முதியோரிடம் கேட்கத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரைபடத்தில் வெற்றிடங்கள் கூடிக்கொண்டே போகும்.