முதற் பாடம்

என் வகுப்பு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. படியேறி உள்ளே நுழைந்ததும் கரும்பலகையில் தேதியை வெகு நிதானமாக எழுதுவது என் வழக்கம். அழகுக்காக அல்ல, இரைக்கும் மூச்சைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதற்காக! ஒரு நாள் முன்வரிசைப் பையன் ஒருவன் பேசாமல் எழுந்து, நாற்காலியை என்னருகே நகர்த்தி வைத்தான். அந்த இரக்கம் என்னைச் சுட்டது.

கல்லூரி நாட்களில் தினமும் 50 தண்டால் எடுத்தவன் நான். மறுநாள் விடியற்காலையில் அதே 50-க்குச் சங்கல்பம் செய்துகொண்டேன். ஒன்பதாவதிலேயே கைகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிட்டன. நான்கு நாள் எனக்குச் சட்டை மாட்டிவிடும் பொறுப்பு என் சகதர்மிணியைச் சேர்ந்தது.

"நெடுநாள் வராத பையனுக்கு எடுத்தவுடனே கடைசிப் பாடத்தையா நடத்துவீர்கள்?" என்று கேட்டாள் அவள். 22 வருஷம் உபாத்திமைத் தொழில் செய்த எனக்கு இது தோன்றவில்லையே!

முதற் பாடத்திலிருந்து தொடங்கினேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப் பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறியது. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதளவேனும் செய்வது மேல் என்றும் அதுவே சொல்லியிருக்கிறது. ஆகவே பத்து நிமிஷ நடை. பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்கிற வேகம். தண்டால் சுவரில் கை ஊன்றித்தான். வாரந்தோறும் ஐந்து நிமிஷம் கூட்டி அரைமணிக்கு வந்தேன்.

மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டே கிலோ. தராசு என்னை மெச்சவில்லை. ஆயினும் நேற்றுத் தேதியை விறுவிறுவென்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வழக்கம்போல் நாற்காலியை நகர்த்த எழுந்த பையன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.