வேட்டையில்லாத மாதங்கள்

வேட்டைக் கதைகளை விரும்பாதவர் குறைவு. எங்கள் குடும்பத்தில் விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு நடுவே வந்துவிட்டால், செஞ்சிக் காட்டில் யார் எந்தக் கலைமானை எத்தனை கெஜ தூரத்தில் வீழ்த்தினார் என்ற பேச்சு தொடங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு கெஜம் கூடிக்கொண்டே போகும். நான் எழுதப்போவது அந்தக் கதையன்று. துப்பாக்கி ஓய்ந்துகிடந்த மாதங்களின் கதை.

திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி. அங்கிருந்து பாக்கம் மலைப்பக்கம் திரும்பினால், மலையடியில் எங்கள் நன்னாவுக்கு ஒரு புன்செய்த் துண்டும், அதன் ஓரத்தில் பனையோலை வேய்ந்த ஒரு கொட்டாயும் இருந்தன. தை, மாசி இரண்டு மாதமும் அங்கே விளக்கு அணையாது. திண்டிவனத்து உறவினரும், விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலையிலிருந்த சாச்சாவும், அவருடைய நண்பர்களும் வந்து குவிவார்கள். பங்குனி பிறந்ததும் அனைவரும் கலைந்துவிடுவார்கள். நன்னா மட்டும் போகமாட்டார். பள்ளி விடுமுறையில் நானும் அவருடன் தங்குவேன்.

வேட்டைக்கு மூடுகாலம் என்று ஒன்று இருந்தது. இன்ன உயிரை இன்ன மாதங்களில் கொல்லலாகாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை, 1912 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் மாகாண அரசுகளுக்கு வழங்கியிருந்தது. 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து கட்டுப்பாட்டை இறுக்கியது. 1991 இன் திருத்தத்துக்குப் பின், உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போவது என்பதே இல்லாமற் போயிற்று. நன்னாவின் சட்டம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. கோடையில் தாகம் தீர்க்க வரும் பிராணியைச் சுனைக்கரையில் மறைந்திருந்து சுடுபவனைத் திருடன் என்பார். கசாப்புக் கடைக்காரர்கூட அறுக்குமுன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாரே என்பது அவருடைய வாதம்.

அந்த மாதங்களில் வேலைக்குக் குறைவில்லை. பழைய ஓலையைப் பிரித்துப் புது ஓலை வேய வேண்டும். கரையான் ஏறிய கால்களை மாற்ற வேண்டும். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த ஓர் இருளர் பெரியவர், நன்னாவின் வயதுக்காரர், தம் மக்களுடன் வந்து கூரை வேலையை முடித்துத் தருவார். முற்றத்தை அவர்கள் சாணமிட்டு மெழுகுவார்கள். தொழுகைத் திண்ணைக்கு மட்டும் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து நன்னாவே பூசுவார். இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டுத் துணியில் சுற்றி வைப்பார். ஈரத்தில் உப்பிப்போன தோட்டாக்களைத் தனியே பொறுக்கி எடுப்பது என் பொறுப்பு. மரக்காணத்து உப்பு மூட்டை, அடுத்த தையில் உப்புக்கண்டம் போடுவதற்காக, பரண்மேல் காத்திருக்கும். சாப்பாடு பெரும்பாலும் கருவாடும் கத்தரிக்காயும்தான். வெள்ளிக்கிழமை மட்டும் செஞ்சிக்குப் போய் ஜும்ஆ தொழுதுவிட்டு, ஆட்டெலும்பு வாங்கிவந்து தால்ச்சா ஆக்குவோம். எங்கள் நன்னி ஆக்கும் தால்ச்சாவுக்கு அது ஈடாகாது; நன்னாவிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

1971 ஆம் ஆண்டு வைகாசி. எனக்குப் பதினான்கு வயது. சாச்சாவின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, என் பெயரிலும் ஒரு மான் வேண்டும் என்ற ஆசை முற்றியிருந்தது. சுபுஹு தொழுதுவிட்டு நன்னா தஸ்பீஹுடன் திண்ணையில் கண்ணயர்ந்த வேளையில், எண்ணெய் மணக்கும் துப்பாக்கியையும் உப்பாத தோட்டா ஒன்றையும் எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனேன். நீர் ஓரடி ஆழம்கூட இல்லை. ஒரு புள்ளிமான் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டேன். விழுந்தது.

பிஸ்மில்லாஹ்வை மறக்கவில்லை, கத்தியை மறந்துவிட்டேன். குண்டுபட்ட பிராணியை உயிர் பிரியுமுன் ஓடிப்போய் அறுத்தாக வேண்டும்; அறுபடாமல் இறந்ததை எங்கள் ஹனஃபி வழக்கில் உண்பதில்லை. கொட்டாய்க்கு ஓடிக் கத்தியுடன் திரும்புவதற்குள் அதன் கண் நிலைகுத்திவிட்டது. வெடியோசை கேட்டு நன்னாவும் இருளர் பெரியவரும் வந்து நின்றார்கள். பெரியவர் குனிந்து அதன் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பால் கட்டியிருக்குது, சாயபு. குட்டி எங்கியோ பொதருல படுத்திருக்கும்."

அவர் கையில் பால் இருந்தது.

நன்னா என்னை அடிக்கவில்லை. இறைச்சி வீணாகாமல் பெரியவரின் குடியிருப்புக்குப் போயிற்று. குட்டியை இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. நரி கொண்டுபோயிருக்கும் என்றார்கள். வேறு மான்களோடு சேர்ந்திருக்கும் என்று எனக்காக ஒருவர் சொன்னார்.

மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு நன்னா பேசினார். இஹ்ராம் உடையில் இருப்பவர் வேண்டுமென்றே வேட்டைப் பிராணியைக் கொன்றால் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று அல்மாயிதா அத்தியாயம் கூறுவதை எடுத்துச் சொன்னார்.

"நீ இஹ்ராம்ல இல்ல, தம்பி. இது ஹரம் எல்லையும் இல்ல. அதனால உனக்கு ஷரீஅத்துல அந்தக் கஃப்பாரா இல்ல. ஆனா அந்தச் சுனை வத்திக்கிட்டிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் முதல், கீழே இருந்த கவலைக் கிணற்றிலிருந்து காலையில் நான்கு குடம், அஸருக்குப் பின் நான்கு குடம் சுமந்து, சுனையருகே கிடந்த கல்தொட்டியில் ஊற்றினேன். தோள் காய்த்துப்போயிற்று. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருடைய பாவத்தை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை மதரஸாவில் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் காலுறையில் மொண்டுவந்த நீரின் கனம் அந்தக் கோடையில்தான் தெரிந்தது. முதல் வாரம் என் வாடைக்கு அஞ்சி ஒன்றும் வரவில்லை. பிறகு விடியலில் ஈர மண்ணில் குளம்படிகள் தென்பட்டன. பெரியது எது, சிறியது எது என்று நாள்தோறும் குந்தியிருந்து பார்ப்பேன். சிறிய தடம் ஒன்றைக் கண்ட நாளில் பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அது ஆட்டுக்குட்டி, தம்பி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பள்ளிக்கூடம் திறந்து நான் திண்டிவனம் திரும்பிய பின், மழை இறங்கும்வரை அந்தத் தொட்டிக்கு நன்னாவே நீர் சுமந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். வீட்டில் அத்தாவிடமோ அம்மாவிடமோ அவர் எதுவும் சொல்லவில்லை.

தை பிறந்தது. சாச்சாவும் நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். காட்டுக்குள் கிளம்பும்போது நன்னா என்னை அழைத்துத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டார். தோட்டாப் பையைச் சாச்சாவிடம் கொடுத்தார். கத்தியை என் இடுப்பில் செருகினார்.