எல்லைக் கோடும் சிறு வண்டியும்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகத் தெற்கே செல்லும் பெருவழியில், இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை வந்துவிடுகிறது. மலையாளப் பலகைகள் குறைந்து தமிழ்ப் பலகைகள் மிகுவதன்றி நிலம் மாறியதற்கு வேறு அடையாளம் இல்லை. அதே ரப்பர், அதே வாழை, அதே மரச்சீனி. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்ததனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை.

நின்றது வண்டிதான். நேர்ப் பேருந்துகள் உண்டெனினும், உள்ளூர்ப் பேருந்துகள் பல களியக்காவிளையோடு திரும்பிவிடுகின்றன. ஆட்டோவின் நிலையோ இன்னும் கடினம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்துப் பர்மிட் மறு மாநிலத்தில் செல்ல மேலொப்பம் வேண்டும். மகள் வீட்டுக்குப் பலகாரக் கூடையுடன் புறப்படும் மூதாட்டி எல்லையில் இறங்கி வேறு ஆட்டோ பிடிப்பது இதனால்தான்.

2018 அக்டோபரில் மத்திய அரசு, மின்கலத்தால் ஓடும் வாடகை வண்டிகளுக்குப் பர்மிட் வேண்டியதில்லை என விலக்களித்தது. பதிவும் காப்புறுதியும் முன்போலவே வேண்டும். புகையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. இவ்வூராருக்கோ எல்லைக் கோட்டையே தொட்ட ஏற்பாடு.

அவ்வண்டி நமக்கு அயலானதும் அன்று. நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலும்மூட்டில் 1978இல் தோன்றிய கேரள ஆட்டோமொபைல்ஸ் என்னும் அரசு நிறுவனம், 2019இல் ‘நீம் ஜி’ என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். 2020இல் 25 வண்டிகள் நேபாளம் வரை சென்றன. மின்சார வாரியமும் 2021இல் கோழிக்கோட்டில் தொடங்கி, சாலையோரக் கம்பங்களிலேயே மின்னேற்றும் வசதியை மாநிலமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் அமைத்தது. பணம் மட்டும் கைப்பேசி வழியே செலுத்த வேண்டும்.

இதில் வருந்துவோரும் உளர். கடன் வாங்கி வண்டி எடுத்து, பர்மிட் பெற்று, ஸ்டாண்டில் முறை காத்து நிற்கும் பழைய ஓட்டுநர், யாதொரு பர்மிட்டுமின்றிப் பக்கத்தில் வந்து நிற்கும் புது வண்டியை எங்ஙனம் வரவேற்பார்? கோழிக்கோட்டில் இதனால் பூசல்களே எழுந்தன. அவர் சினத்தில் நியாயம் இல்லை என்று என்னால் கூற இயலாது. பழைய வண்டியை மாற்ற அவருக்குக் கடனுதவி அளிப்பதே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

250 வாட்டுக்கு மேற்படாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்குட்பட்ட மின்சார ஸ்கூட்டருக்குப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. ஊர்ச் சந்துகளுக்கு அது நல்ல துணை. லாரிகள் விரையும் பெருவழியில் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தனுப்புவதை நான் ஒப்பேன்.

ரயிலுக்கு மாத்திரம் இந்தத் தொல்லை என்றும் இல்லை. திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறந்த நாள் முதல், பாறசாலையிலிருந்து குழித்துறைக்கு ஒரே சீட்டுத்தான். இப்பொழுது அதையும் கைப்பேசியிலேயே எடுக்கலாம். ஆயினும் முதியோர் சீட்டு ஜன்னலுக்கே வருகிறார்கள். சீட்டோடு, ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பதையும் அங்குதானே கேட்க முடிகிறது!

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பாறசாலையில் இறங்கி மின்சார ஆட்டோ ஏறுவதாயின், எல்லைக்கு அப்பால் வருவாரா என்பதோடு மின்கலத்தில் எவ்வளவு மீதம் என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்க.