இரண்டாவது கியர்

உங்களில் யாராவது பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியை வீட்டிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் வீட்டில் சமாதானம் நிலவுகிறது என்று அர்த்தம். பிரித்தவர்கள் இருந்தால், திரும்பப் பூட்டிய பிறகு எத்தனை சாமான் மிச்சம் இருந்தது என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. என் தகப்பனார் 1984-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அது பிறந்தது 1967-ல், திருவொற்றியூரில். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி செய்துவந்த வண்டி இது. நம் ராணுவத்துக்குப் பிடித்துப் போனதால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்தக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் கப்பலில் உதிரியாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி, பிறகு இங்கேயே தயாராக ஆரம்பித்தது. 1962-ல் ரெட்டிச்காரர்கள் புல்லட்டைக் கைவிட்டார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். 1977-லோ, திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. புக்ககம் போன பெண், பிறந்தகம் நொடித்த பிறகு சீர் அனுப்பியது போல!

இந்தக் காலத்துப் பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைத்தால் திணறிப் போவார்கள். கியர் வலது காலில். பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் வேறு. மேல் கியர்களில் போய்க்கொண்டிருக்கும்போது அதைக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். சோம்பேறிகளுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது.

எங்கள் வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டாவது கியர் நிற்காது. போட்டால் விழும், விழுந்த சுவட்டில் சில சமயம் நழுவி வெளியே வந்துவிடும். எஞ்சின் மட்டும் 'ஹோ' என்று அலறும், வண்டி நகராது. அப்பா அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். இரண்டாவதில் இருக்கும்வரை பாதத்தை லீவரின்மேல் அழுத்திக்கொண்டே ஓட்டுவார். அவருடைய வலது கால் பூட்ஸ் எப்போதும் இடது காலுக்கு முன்னதாகவே தேய்ந்து போகும். செருப்புத் தைப்பவர் ஒரு நாள், "சார், உங்களுக்கு ஒரு கால் மட்டும் ஆபீஸ் போகுதா?" என்று கேட்டாராம்.

சிரிப்பு இத்துடன் சரி. 1992-ல் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

அப்போது எனக்கு ஆறு வயது. பெட்ரோல் டாங்கின்மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து மடியில் பையுடன் அம்மா. கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் போகும்போது இரண்டாவது கியர் நழுவிற்று. அப்பா பதறிப்போய் மிதித்தார். எஞ்சின் அலறிக்கொண்டிருந்த வேகத்தில் கியர் சட்டென்று கவ்வ, வண்டி துள்ளியது. அம்மா ரோட்டில் விழுந்தாள். நல்ல காலம், பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்கு இறங்கியவள்தான், அப்புறம் அந்த வண்டியில் ஏறவே இல்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. "நான் பஸ்ஸில் வரேன், நீங்க முன்னாலே போங்க" என்பாள், அவ்வளவுதான்.

குற்றவாளி யார் என்பதில் எங்கள் வீட்டில் சந்தேகமே இருந்ததில்லை. தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய்தான். விபத்துக்குப் பத்து நாள் முன்பு அவர்தான் கியர் பெட்டியைத் திறந்து மூடியிருந்தார். அப்பா பட்டறை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு எங்கள் தெருவில் அநேகம் பேர் தங்கள் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், அப்பா கேட்காமல் திரும்பியதும் எனக்கு இன்னும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

கதை இனி இந்த வருஷத்துக்கு வருகிறது. அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறதே என்று விற்க முடிவாயிற்று. பார்க்க வந்த ஆசாமி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ரெண்டாவது கியர் நிக்கலை சார்" என்று பேசிய விலையில் பாதியைச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டறைகளில் விசாரித்தால், வலது கால் கியர் என்றதுமே கையை விரிக்கிறார்கள். விரிக்காத ஒருவர் மூன்று மாசம் கேட்டார். எம்.ஏ. படித்துப் பத்திரிகை ஆபீஸில் பேனா பிடிப்பவன், நானே பிரிப்பது என்று தீர்மானித்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்து ஷெட் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஸ்பேனர் தேடுவதில் போயிற்று. இவையெல்லாம் பழைய இங்கிலீஷ் அளவு நட்டுகள். இப்போது கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று பெரிதாக இருக்கும், அல்லது சிறிதாக இருக்கும். புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய செட் வாங்கினேன். அடுத்த தடை கிளட்ச். கியர் பெட்டியின் பிரதான தண்டை வலது பக்கமாக உருவவேண்டுமானால், இடது பக்கம் அதன் முனையில் இருக்கும் கிளட்ச்சை முதலில் கழற்றியாக வேண்டும். அதற்குப் புல்லர் வேண்டும். அது யாரிடம் இருக்கும்?

வேறு வழியில்லாமல் பாய் வீட்டுக்குப் போனேன். பட்டறையை மூடி வருஷக்கணக்காகிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் மகன் என்று சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புல்லட்டா தம்பி? ரெண்டாவது இன்னும் ஸ்லிப் ஆகுதா?"

"ஆகுது பாய்."

"அன்னிக்கே சொன்னேன், பல்லு மழுங்கிடுச்சு, மாத்தணும்னு." உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய புல்லரைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருஷம் கழித்தும் சாக்குச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, நன்றி கூடச் சரியாகச் சொல்லாமல் வாங்கி வந்தேன். எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

பெட்டி திறந்தது. அதன் உள்ளே நடப்பதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே இரண்டு தண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மேல் தண்டு கிளட்ச்சிலிருந்து பலத்தை வாங்கிக் கீழ்த் தண்டுக்குக் கொடுக்கிறது. கீழ்த் தண்டு அதை வேறு வேகத்தில் மேலே ஒரு குழல் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அங்கிருந்து செயின், பின் சக்கரம். நாலாவது கியரில் மட்டும் மேல் தண்டும் குழல் சக்கரமும் நேரடியாகக் கைகோத்துக்கொள்கின்றன. கீழ்த் தண்டு பாவம், வேலையின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுப் பல்லைத் தவிர, சக்கரங்களின் பக்கவாட்டில் கடைவாய்ப் பல் மாதிரித் தடித்த முளைகள் உண்டு. மெக்கானிக்குகள் அதை 'டாக்' என்கிறார்கள். இங்கிலீஷில் நாய்! கவ்வினால் விடக்கூடாது என்று வைத்த பெயர். அந்த முளைகளின் ஓரம் கூராக இருக்கும்வரை கியர் நிற்கும்; மழுங்கிவிட்டால் சுமை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகிவிடும்.

எங்கள் இரண்டாவது கியரின் முளைகளை விரலால் தடவிப் பார்த்தேன். நாலு மூலையும் உருண்டு, சோப்புக் கட்டி போல வழவழவென்று இருந்தன. ஒரு நாளில் ஆன தேய்மானம் அல்ல. பாய் சொன்னது என் காதில் ஒலித்தது.

அப்பா பக்கத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். கண் புரை காரணமாக அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்கித் தடவிப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் குஷியாகவே இருந்தார். கடைசியில் ஒரு சின்னக் குழிக்கு வந்தேன். கியர் விழுந்த இடத்திலேயே நிற்பதற்காக அதற்குள் ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு முளை. ஸ்பிரிங்கை இழுத்தால் கூடவே ஏதோ ஒரு தகடு வந்தது. ஐந்து பைசா அகலம்கூட இல்லாத, கத்தரியால் வெட்டிய வட்டம். மடங்கி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால் மஞ்சள் பெயிண்ட். அதன்மேல் பாதி எழுத்து.

பாகங்களின் படம் போட்ட புத்தகத்தில் அப்படி ஒரு சாமானே கிடையாது.

"அப்பா, இது என்ன?"

அவர் வாங்கித் தடவினார். மீண்டும் தடவினார். முகம் மாறிவிட்டது.

"அந்தப் பாய் வைச்சிருப்பான்" என்றார்.

"பாய் பட்டறைக்கு என் பெருங்காய டப்பா மூடி எப்படிப் போச்சு?"

எனக்குப் பின்னால் காப்பி டம்ளருடன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. "நான் காஞ்சிபுரம் போய்ட்டு வந்தப்போ மூடியைக் காணோம். துணியைக் கட்டி வைச்சேன், பெருங்காயம் கல்லாப் போச்சு. அடுத்த வாரம் என் கை ஒடிஞ்சுது."

அவளுக்கு அன்றைக்கே தெரியும்!

பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். பாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பல் போய்விட்டது, கியர் ஜோடியை மாற்றவேண்டும், நானூறு ரூபாய் ஆகும் என்றாராம். ஏமாற்றுகிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். "அப்படியே மூடு" என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்பிரிங்கைக் கழற்றி அடியில் தகடு வெட்டிப் போட்டு இறுக்கினார். ஒரு வாரம் கியர் நன்றாக நின்றது. தன் கைவேலையைப் பற்றி ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டாம். பாலத்தின் மேட்டில் தகடு சாய்ந்துவிட்டது.

"ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலை?" என்று கேட்டேன்.

"அவர் சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீதி வேலையை வளர்த்தப் போவதில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி இரண்டாவது கியர் ஜோடி, நகர்த்தும் கவை, ஸ்பிரிங் எல்லாம் வாங்கினேன். பூட்டி முடித்து உதைத்தால் கிக்கர் கீழே போனது, திரும்பி வரவில்லை! அதன் ஸ்பிரிங்கை முறுக்கேற்றாமல் மாட்டிவிட்டேன். மறுபடி மூடியைக் கழற்றினேன். கியர்களின் நடுவே பொய் நியூட்ரல் விழுந்தது. இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே ஒரு தகட்டை நூலிழை நகர்த்தினால் சரியாகும் என்று புத்தகம் சொல்லிற்று. அந்த நூலிழைக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. கடைசியில் இரண்டாவது 'கிளிக்' என்று விழுந்து நின்றது. விலை பேசியவர் போன் செய்தபோது அப்பாவே எடுத்து, "வண்டி ரிப்பேரில் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

புல்லரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் கிளம்பினேன். "நீ இரு" என்று அப்பா எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, புல்லரை ஒரு கையிலும் அந்த மஞ்சள் தகட்டைச் சட்டைப் பையிலும் எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றித் தெருக்கோடிக்கு நடந்தார். திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அம்மா வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரைக் கட்டுக் கீரையை அவள் ஒன்றரை மணி நேரம் ஆய்ந்து நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஒண்ணும் சொல்லலை. தகட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். 'ஸ்பிரிங் ரெண்டு ரூபாதானே சார், கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே'ன்னான். டீ குடுத்தான்."

அம்மா கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "வண்டி இப்போ மேடு ஏறுதாடா?" என்றாள்.

"ஏறுதும்மா" என்றேன்.